பைண்டிங் மெசினில் ஒழுங்கான புத்தகம் எடுக்க: ஒன்றரை மில்லிமீற்றர் விஷயம்

ஒரு ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர். பிளாஸ்டிக் ரிங் போடுகிற மெசின் அந்த நீளத்தில் 21 துளைகள் போடும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு ஏறக்குறைய 14.3 மி.மீ., ஒவ்வொரு துளையும் சுமார் 8 மி.மீ. அகலம். கூட்டிப் பாருங்கள், முதல் துளையின் வெளி ஓரத்திலிருந்து கடைசித் துளையின் வெளி ஓரம் வரை 294 மி.மீ. ஆகிவிடும். அப்படியென்றால் மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை, அவ்வளவுதான் மிச்சம். தாள் இரண்டு மில்லிமீற்றர் நகர்ந்து உட்கார்ந்தால் கடைசித் துளை தாளின் ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியே போய்விடும். பைண்டிங் சரிவரவில்லை என்று மெசினைத் திட்டுகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நடந்தது இதுதான் என்பது என் அனுபவம்.

நான் வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வருமான வரி விபரத்திரட்டு கொடுக்கும் கடைசி நாள் நவம்பர் 30. ஆகவே எங்களுக்குப் பைண்டிங் வேலை குவிவது ஒக்டோபரிலும் நவம்பரிலும், அதாவது கொழும்பில் மழை கொட்டுகிற அதே இரண்டு மாதத்தில். அப்படி ஒரு நவம்பரில் ஒரு வாடிக்கையாளருக்கு 140 தாள் அறிக்கை நான்கு பிரதி அடித்தேன். அவசரத்தில் சோதனைத் தாள் போடவில்லை. தாள் முட்டி நிற்கிற ஓரத் தடுப்பை யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள். நான்கு பிரதியிலும் கடைசித் துளை திறந்துபோயிற்று, 560 தாள் குப்பைக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த ஊர் இது. அதைப் பார்த்தவர்களுக்கு 560 தாளை வீசுவது என்ன வலி என்று தெரியும். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எந்த ரிங்?

கடையில் போய் "ரிங் பைண்டிங்" என்றால் எதுவும் வரலாம், "ஸ்பைரல்" என்றாலும் அப்படித்தான். நாங்கள் எல்லாவற்றையும் அந்த இரண்டு பெயரிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மெசினும் துளையும் வேறு வேறு.

பிளாஸ்டிக் ரிங், சீப்பு மாதிரி இருப்பது, அதை கொம்ப் என்பார்கள். துளை நீள்சதுரம். விலை குறைவு, திரும்பத் திறந்து ஒரு பக்கத்தை மாற்றலாம், நடுவில் ஒன்றைச் சேர்க்கலாம். அலுவலகங்களில் அதிகம் இருப்பது இந்த மெசின்தான். குறை என்னவென்றால் புத்தகத்தை முதுகுப் பக்கமாக முழுக்க மடித்துப் பிடிக்க முடியாது.

இரட்டைக் கம்பி ரிங், வயர் என்று சொல்வது, பார்க்க அழகு, முழுச் சுற்றும் மடியும், மேசையில் தட்டையாகக் கிடக்கும். இதில் இரண்டு வகைத் துளை உண்டு: அங்குலத்துக்கு மூன்று துளை போடுவது (ஏ4க்கு 34), அங்குலத்துக்கு இரண்டு துளை போடுவது (ஏ4க்கு 23). மெல்லிய புத்தகத்துக்கு முதலாவது, 14.3 மி.மீ. விட்டமுள்ள கம்பி வளையம் வரைக்கும். அதற்கு மேல் தடிப்பு என்றால் இரண்டாவது. ஒன்றுக்கு அடித்த துளையில் மற்றதைப் போட முடியாது. ஆகவே கம்பி வாங்கும்போது உங்கள் மெசினில் துளை போட்ட ஒரு தாளைக் கையோடு கொண்டுபோங்கள். புறக்கோட்டையில் மலிபன் வீதிப் பக்கம் எழுதுகருவிக் கடைகளில் அந்தத் தாளை நீட்டினால் போதும், கடைக்கார நானா ஒரு பார்வையில் சரியான பெட்டியை எடுத்து வைப்பார். வாயால் விளங்கப்படுத்தி வாங்கிவந்த கம்பிதான் எங்கள் அலமாரியில் இன்னும் ஒரு பெட்டி சும்மா கிடக்கிறது.

உண்மையான ஸ்பைரல் என்பது ஒற்றைச் சுருள். அங்குலத்துக்கு நான்கு துளை அளவில் இருக்கும். அதைத் திருகித் திருகி உள்ளே விட்டு இரண்டு முனையையும் குறடால் வளைத்துவிட வேண்டும். நசுங்கினாலும் திரும்ப நிமிரும் என்பதால் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் விரித்து வைத்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கொஞ்சம் மேல் கீழாக நிற்கும், இரண்டு பக்கத்துக்கும் பரந்த அட்டவணை இருந்தால் அது கண்ணில் குத்தும்.

கேள்விப்பத்திரத்துக்கு (டெண்டருக்கு) என்றால் அறிவுறுத்தல் பகுதியை முதலில் வாசியுங்கள். சிலவற்றில் பக்கம் கழற்ற முடியாதபடி கட்டியிருக்க வேண்டும் என்று இருக்கும். கொம்ப் ரிங் கழற்றக்கூடியது, அங்கே அது ஆகாது. பல்கலைக்கழக ஆய்வேடும் அப்படித்தான், துறை கொடுத்த வழிகாட்டலைப் பார்க்காமல் கட்டக்கூடாது.

இனி நான் பெரும்பாலும் கொம்ப் மெசினை வைத்தே சொல்கிறேன். வயருக்கு வித்தியாசம் வரும் இடத்தில் தனியாகச் சொல்வேன்.

பிரிண்ட் கொடுக்க முன்

பைண்டிங் ஆரம்பிப்பது மெசினில் இல்லை, வேர்ட் கோப்பில்தான். முதலில் தாள் அளவு ஏ4 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு டெம்பிளேட் எடுத்து எழுதினால் பல தடவை அது லெட்டர் சைஸில் இருக்கும், 216க்கு 279 மி.மீ. அதை ஏ4இல் அடித்தால் பிரிண்டர் தன் பாட்டுக்குச் சுருக்கும் அல்லது பெருப்பிக்கும், நீங்கள் கணக்குப் பார்த்து வைத்த மார்ஜின் எங்கோ போய்விடும். பிரிண்ட் பெட்டியில் "ஃபிட் டு பேஜ்" போட்டிருந்தாலும் இதே கதைதான், அதை எடுத்துவிட்டு நூறு வீதத்தில் அடியுங்கள்.

மார்ஜின். துளை, ரிங், பக்கம் புரளும்போது உள்ளே மறைகிற இடம், எல்லாம் சேர்த்தால் கட்டும் பக்கத்தில் 25 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். 150 தாளைத் தாண்டும் புத்தகம் என்றால் 30 விடுங்கள். வேர்டில் மார்ஜின் அமைக்கும் இடத்தில் "கட்டர்" என்று ஒரு கட்டம் இருக்கும், பைண்டிங்குக்கு என்று கூடுதலாக ஒதுக்குவது அது. இரண்டு பக்கமும் அடிப்பதாக இருந்தால் "மிரர் மார்ஜின்ஸ்" தெரிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கத்தில் பெரிய இடைவெளி வெளிப்பக்கமாகப் போய், எழுத்து துளைக்குள் மாட்டும். பிரிண்டரில் நீளப் பக்கமாகப் புரட்டும் தெரிவு இருக்கட்டும். குறுகிய பக்கப் புரட்டல் விழுந்தால் ஒன்றுவிட்ட பக்கமெல்லாம் தலைகீழாக நிற்கும்.

எக்செல் அட்டவணைகள்தான் பெரிய தொல்லை. கிடையாக அடித்த பக்கத்தில் அட்டவணையின் மேற்பக்கம் புத்தகத்தின் முதுகுக்கு வரவேண்டும், வாசிப்பவர் புத்தகத்தை வலப்பக்கமாகத் திருப்பிப் பார்க்கிறமாதிரி. அப்படியென்றால் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் மேல் மார்ஜினில்தான் 25 மி.மீ. விட வேண்டும், இடப்பக்கத்தில் இல்லை. இதை மறந்து தலைப்பு வரியின் மேலேயே துளை விழுந்த அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பனியின் பெயருக்கு நடுவில் ஓட்டையோடு அது மேசைக்குப் போகும்.

தாளும் கொழும்புக் காற்றும்

இந்த ஊரின் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, தாள் அதைக் குடிக்கும். றீமைப் பிரித்துத் திறந்தபடி வைத்தால் இரண்டொரு நாளில் ஓரம் நெளியத் தொடங்கும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். வேண்டிய அளவு எடுத்துவிட்டு மிச்சத்தை அதன் உறையிலேயே மடித்து, கடற்கரைப் பக்கத்து யன்னலுக்கு எட்டத்தில் வையுங்கள். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கி ஈரத்தை எடுத்துவிடும், வெளியே வந்ததும் தாள் வளையும். அந்தச் சூட்டோடு மெசினுக்குக் கொண்டுபோகாதீர்கள். வளைந்த தாள் உள்ளே சமமாக உட்காராது, நடுவில் உள்ளவை ஓரத்தைவிட அரை மில்லிமீற்றர் பின்வாங்கி நிற்கும், துளை ஓடிப்போகும். ஒரு புது றீமை மேலே பாரமாக வைத்து இருபது நிமிடம் விடுங்கள். அதற்குள் ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.

பிறகு தாள்களை விசிறி, காற்று உள்ளே போக விட்டு, மேசையில் தட்டி அடுக்க வேண்டும். இதைச் செய்யும்போது மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதலில் கட்டும் பக்கத்தை, அதாவது நீளமான பக்கத்தை மேசையில் தட்டுங்கள், பிறகு தலைப்பக்கத்தை, திரும்பவும் கட்டும் பக்கத்தை. அடுக்கின் ஓரத்தில் விரலை ஓட்டினால் கண்ணாடித் துண்டு மாதிரி வழுவழு என்று இருக்க வேண்டும். படிப்படியாகத் தட்டுப்பட்டால் திரும்பத் தட்டுங்கள்.

தட்டும்போதே ஸ்டேப்பிள் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பற்றுச்சீட்டுப் பிரதிகளைப் பின்னிணைப்பாகச் சேர்க்கும்போது அதற்குள் ஒரு கம்பி ஒளிந்திருக்கும். அது மெசினின் பல்லில் மாட்டினால் பல் மழுங்கும், அல்லது முனை உடையும். பிறகு அந்த ஒரு துளை மட்டும் ஒவ்வொரு புத்தகத்திலும் கிழிந்துகொண்டே இருக்கும்.

சோதனைத் தாள்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

மெசினில் தாள் நுழைகிற வாய்க்கு ஒரு பக்கத்தில் நகர்த்தக்கூடிய ஒரு தடுப்பு இருக்கும். சிலவற்றில் திருகு, சிலவற்றில் ஏ4, ஏ5 என்று குறித்த குமிழ். தாளின் மூலை போய் முட்டுகிற இடம் அது. குறிப்பை நம்பி நேராக வேலையைத் தொடங்கக்கூடாது, குறிப்பு தோராயம்தான். இப்படிச் செய்யுங்கள்: இரண்டு பழைய ஏ4 தாளை ஒன்றாக வைத்து, தடுப்பில் முட்டவிட்டு, அடியுங்கள். இனி அதில் ஒன்றைக் குப்புறத் திருப்புங்கள், துளையுள்ள பக்கம் அதே பக்கமாகவே இருக்க, தலை மட்டும் அடியாக மாறும். அப்படியே மற்றதன் மேல் வைத்து மூலைகளைச் சரியாகப் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எல்லாத் துளையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நடு சரி. விலகியிருந்தால் அந்த விலகலை அளவுகோலால் பாருங்கள். உண்மையான பிழை அதில் பாதிதான், ஏனென்றால் இரண்டு தாளிலும் எதிரெதிர்ப் பக்கமாக அது கூடித் தெரிகிறது. ஆகவே 2 மி.மீ. விலகல் என்றால் தடுப்பை 1 மி.மீ. நகர்த்துங்கள். திரும்ப இரண்டு தாள். இரண்டு மூன்று தடவையில் சரிவந்துவிடும்.

எங்கள் ஒபிஸில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் "அண்ணா, ஒவ்வொரு நாளும் இதைச் செய்யவேணுமா?" என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் இல்லை, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் செய்ய வேண்டும் என்றேன். பொது மெசின், யார் எப்போது தடுப்பைத் தொட்டார்கள் என்று தெரியாது. சரியான இடம் கிடைத்ததும் மெசினின் உடம்பில் நிரந்தர மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்தால் அடுத்த தடவை வேலை பாதியாகும். இப்போது அவர் போட்ட கோட்டைத்தான் நாங்கள் எல்லாரும் பாவிக்கிறோம்.

இன்னொரு சரிசெய்தல் துளையின் ஆழம், அதாவது தாளின் ஓரத்திலிருந்து துளை எவ்வளவு உள்ளே விழுகிறது என்பது. எல்லா மெசினிலும் இது இராது, இருந்தால் விதி இதுதான்: மெல்லிய புத்தகத்துக்கு ஓரத்துக்குக் கிட்ட, தடித்த புத்தகத்துக்கு உள்ளே தள்ளி. சின்ன ரிங்குக்கு ஆழமான துளை போட்டால் பக்கம் புரளாமல் இறுகும். பெரிய புத்தகத்துக்கு ஓரத்தோடு ஒட்டிப் போட்டால், பாரம் இழுத்து, முதல் ஐந்து தடவை திறப்பதற்குள்ளேயே துளை அறுந்துவிடும்.

ஏ5 போடுவதானால், தாளுக்கு வெளியிலும் ஓரத்திலும் விழுகிற பற்களைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் வசதி சில மெசின்களில் உண்டு. ஓரத்தில் அரைத் துளை விழப்போகிற பல்லை இழுத்து விடுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே தள்ளி வைப்பது உங்கள் கடமை, அடுத்து வருபவர் ஏ4 அடித்தால் துளை குறையும்.

துளை அடித்தல்

மெசின் பெட்டியில் "ஒரே தடவையில் 20 தாள்" என்று போட்டிருந்தால் நான் 12 தாண்ட மாட்டேன். அந்தக் கணக்கு புதுப் பல்லுக்கு, சாதாரண 70, 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) தாளுக்கு. வருடக்கணக்கில் பாவித்த மெசினில் முழு அளவும் கொடுத்தால் கைப்பிடி பாதியில் இறுகும், நீங்கள் உடம்புப் பாரத்தையும் போட்டு அமுக்குவீர்கள், அந்த நேரத்தில் தாள் உள்ளே அசைந்துவிடும். மேல் தாள்களில் துளை அழகாகவும் கீழ்த் தாள்களில் ஓரம் பிய்ந்தும் இருந்தால் காரணம் இதுதான். 140 தாளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடித்தால் பன்னிரண்டு தடவை, ஐந்து நிமிட வேலை.

தாளை உள்ளே விடும்போது முதலில் ஓரத் தடுப்பில் முட்ட விடுங்கள், பிறகு உள்ளே தள்ளி அடிவரை உட்கார வையுங்கள், திரும்பவும் ஒரு தடவை பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். இடக்கை தாளை அமுக்கியபடி இருக்கட்டும், வலக்கை கைப்பிடியை ஒரே சீராக, நிறுத்தாமல், அடிவரைக்கும் கொண்டுபோகட்டும். இடையில் நிறுத்தித் திரும்ப அமுக்கினால் துளைத் துண்டு அறுபடாமல் தாளிலேயே தொங்கும். மேலே எடுத்ததும் அந்த அடுக்கை முந்தைய அடுக்கின் மேல் அதே திசையில் வையுங்கள், முகம் மேலே, துளை இடப்பக்கம். ஒரு அடுக்கு மாறி விழுந்தால் முழுவதையும் திரும்பப் பிரிக்க வேண்டி வரும்.

அட்டைகளைத் தாளோடு கலக்காதீர்கள். பின்னட்டையை ஒன்றாகவோ இரண்டாகவோ தனியாக அடியுங்கள். முன்னால் போடும் தெளிவான பிவிசி அட்டையை ஒன்று ஒன்றாக, அதுவும் மேலும் கீழும் ஒரு பழைய தாளை வைத்து நடுவில் விட்டு அடித்தால் வழுக்காது, துளை ஓரமும் சுத்தமாக விழும். லமினேட் பண்ணிய பக்கத்தை நான் கொம்ப் மெசினில் விடுவதே இல்லை, அதன் பசை பல்லில் ஒட்டும்.

முதல் அடுக்கை அடித்ததும் நிறுத்தி ஒரு ரிங்கை அதில் வைத்துப் பாருங்கள், 21க்கு 21 சரியாக விழுகிறதா என்று. விழுந்தால் மிச்சத்தைத் தைரியமாக அடிக்கலாம்.

ரிங் அளவு

80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிப்பு, ஐந்நூறு தாள் றீம் ஒன்று கிட்டத்தட்ட 5 செ.மீ. உயரம் வருவது அதனால்தான். உங்கள் அடுக்கை அட்டைகளோடு சேர்த்து அமுக்கி அளந்து, அதோடு 3 முதல் 5 மி.மீ. கூட்டினால் கொம்ப் அளவு வந்துவிடும். 20 தாளுக்கு 6 மி.மீ., 40க்கு 8, 80க்கு 12, 120க்கு 16, 150க்கு 19, 200க்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொம்பில் மிகப் பெரியது 51 மி.மீ., 450 தாளுக்கு மேலும் பிடிக்கும், ஆனால் அதைப் புரட்டுகிறவரின் பாட்டை யோசியுங்கள். 250 தாண்டினால் இரண்டு தொகுதியாகப் பிரித்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

சின்ன ரிங்கில் அதிகம் திணித்தால் பக்கம் புரளாது, துளை கிழியும், இது எல்லாருக்கும் தெரியும். பெரிய ரிங்கில் கொஞ்சமாகப் போடுவதும் பிழைதான், தாள்கள் உள்ளே ஆடி ஆடி ஓரம் நைந்துபோகும், அலமாரியில் நிறுத்தினால் சரிந்து நிற்கும். கையில் சரியான அளவு இல்லை என்றால் ஒரு அளவு கூடப் போவது குறையப் போவதை விட மேல்.

கோர்த்தல்

கொம்ப் ரிங்கை நிற்கும் இரும்புப் பற்களுக்குப் பின்னால், திறக்கும் வாய் மேலே பார்க்க வையுங்கள். ரிங்கின் ஒவ்வொரு விரலும், அதாவது அதன் வளைந்த ஒவ்வொரு பிளாஸ்டிக் கிளையும், இரண்டு பல்லுக்கு நடுவில் வரவேண்டும். கைப்பிடியைத் தள்ளி அல்லது இழுத்து (மெசினைப் பொறுத்தது) தாள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறவுங்கள். முழுவதும் நிமிரும்வரை திறந்தால் பிளாஸ்டிக் தன் சுருளை மறந்துவிடும், பிறகு மூடினாலும் வாய் பிளந்தே நிற்கும்.

எந்தப் பக்கமாகத் தாளை மாட்டுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். படத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பதை விட ஒரு முன்னட்டை, ஒரு தாள், ஒரு பின்னட்டை, இந்த மூன்றை மட்டும் மாட்டி மூடிப் பாருங்கள். ரிங்கின் முதுகு வெளியே, முன்னட்டை முன்னே, திறந்தால் முகம் மேலே. அப்படி வந்தால் அதே திசையில் முழுவதையும் மாட்டலாம், வராவிட்டால் திருப்புங்கள். ஒரு நிமிடம்கூடப் போகாது.

பதினைந்து இருபது தாளாக மாட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் ஏறியதும் மெதுவாக மூடி, வெளியே தூக்கி, கட்டைவிரலை முதுகு வழியாக மேலிருந்து கீழ்வரை ஓட்டுங்கள். ரிங்கின் ஏதாவது ஒரு விரல் முதுகுக்கு உள்ளே போகாமல் வெளியே நின்றால் அதில்தான் அடுத்த கிழமை பக்கம் கழன்று வரும். கையால் உள்ளே தள்ளிவிடுங்கள். பிறகு முழுப் புத்தகத்தையும் ஒரு தடவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பக்க எண்ணைப் பாருங்கள். இதைச் செய்யாமல் யாரிடமும் கொடுக்கக்கூடாது.

வயர் என்றால் கோர்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கம்பியின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் ஒரு தையல் மாதிரிக் கோடு தெரியும், பக்கங்களும் அதில் மாட்டும். அதைப் பின்னட்டைக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில் ஒளிக்க வேண்டும். எப்படியென்றால், அடுக்கும்போது பின்னட்டையைக் கடைசியில் வைக்காமல் முன்னட்டையின் மேலேயே வையுங்கள், பின்னட்டையின் வெளிமுகம் முன்னட்டையின் வெளிமுகத்தைத் தொடும்படி. அப்படியே கம்பியில் மாட்டி அமுக்கி மூடியபின் பின்னட்டையைச் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். தையல் உள்ளே போய்விடும், வெளியே வளையங்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். கடையில் செய்தது மாதிரி இருக்கிறது என்று பார்ப்பவர்கள் சொல்வது இந்த ஒரு வேலைக்காகத்தான்.

அமுக்கும் அளவையும் கம்பி அளவுக்கு ஏற்ப அமைக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்று தொட்டு, வட்டம் வட்டமாகவே இருந்தால் சரி. முனை ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலோ வட்டம் நீண்டாலோ அதிகம் அமுக்கிவிட்டீர்கள், அதை நிமிர்த்த முடியாது, கம்பியை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். ஆகவே குறைவாக வைத்துத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மெசினுக்கும் கொஞ்சம் பராமரிப்பு

துளைத் துண்டு விழுகிற தட்டை நிறையவிடாதீர்கள். நிறைந்தால் துண்டுகள் மேலே ஏறிப் பற்களுக்குள் அடைபடும், கைப்பிடி இறுகும், பலர் "மெசின் பழுது" என்று ஆள் கூப்பிடுவது இந்த நேரத்தில்தான். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் தட்டை வெறுமையாக்குங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி, பற்களில் துரு பிடிக்கும். மின்சார மெசின் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பஞ்சில் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி எடுத்துப் பற்களில் தொட்டு வையுங்கள். பிறகு எண்ணெய்க் கறை வராதுபோகும் வரைக்கும் பழைய தாளில் அடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாடிக்கையாளரின் புத்தகம் முழுக்க மஞ்சள் வளையம் இருக்கும். பாவிக்காத நேரம் ஒரு துணியால் மூடி வையுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: மாதம் இருபது முப்பது புத்தகம் வரைக்கும் கை மெசின் போதும், மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது. ஏ4 முழு நீளத்துக்கும் துளை போடுகிறதா, ஓரத் தடுப்பு இறுகி நிற்கிறதா, இரண்டையும் கடையிலேயே நான் சொன்ன திருப்பிப் பார்க்கும் சோதனையால் பாருங்கள். தடுப்பு ஆடினால் மற்ற வசதி எத்தனை இருந்தாலும் அந்த மெசின் வேண்டாம்.

கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. வயர் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக முதுகு ஒரே பக்கம் அடுக்கினால் கம்பி நசுங்கும், ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி அடுக்குங்கள். நவம்பர் மழையில் முச்சக்கர வண்டியில் புதுக்கடைக்கோ கோட்டைக்கோ போவதானால் ஒவ்வொரு பிரதியையும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் போட்டு வாயை மடித்து ஒட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டால் ஒன்றை வெளியே எடுக்கும்போது மற்றதெல்லாம் நனையும். ஒரு உதிரி ரிங்கும் பையில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கும் இடத்தில் ஒரு பக்கத்தை மாற்றச் சொல்வார்கள், கழற்றும்போது பழைய ரிங்கில் ஒரு விரல் முறியும்.